எலி கடித்த வயர்

“எலிதான் தம்பி. எஸ்டேட்டு ரப்பர் மரத்தையெல்லாம் சாய்ச்சு வீடு கட்டுனாங்கல்ல, அங்க இருந்த எலியெல்லாம் இப்ப நம்ம காடியிலதான் குடியிருக்கு,” என்றார் பிச்சைமுத்து.

யுகேந்திரன் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டான். ஈப்போ டவுனுக்கு வெளியே செமோர் பக்கம் கார் வயரில் கோளாறு என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இந்த மாதத்தில் இந்த வீட்டுக்கு இது நாலாவது நடை, அவனுக்கே சலித்துவிட்டது.

வேறு வீடாக இருந்தால் “மத்தியானம் வாரேன்லா” என்று இழுத்தடித்திருப்பான். இங்கே அது முடியாது. பிச்சைமுத்துவின் மனைவி புனிதவதிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தம் கழுவியாக வேண்டும். விட்டால் உடம்பில் நீர் கோத்து மூச்சே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் போன் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

இந்த எலிக்கும் வைத்திய நாளுக்கும் என்ன ஜாதகப் பொருத்தமோ, சரியாக ஈப்போ போகிற நாளில்தான் அதற்குப் பசித்தது. பிச்சைமுத்து காரடியில் பசைத் தட்டு வைத்துப் பார்த்தார். மாட்டியது ஒரு பல்லி.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் புனிதவதி புறப்படத் தயாராக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். வாய் காயாமல் இருக்க அவருக்கு வெற்றிலை ஒன்றுதான் துணை.

ஸ்டார்ட்டருக்குப் போகும் சிவப்பு வயர். அதே வயர், அதே இடம். முதல் தடவை உண்மையிலேயே எலிதான், குதறிப் போட்டுப் பக்கத்தில் புழுக்கையும் விட்டுப் போயிருந்தது. அன்றைக்கு யுகேந்திரன் புருஷன் பெண்டாட்டி இருவரையும் கூப்பிட்டு, “இந்த ஒரு வயர் போனா போதும், காடி அசையாது,” என்று காட்டிப் பாடம் வேறு நடத்தினான்.

அடுத்த இரண்டு தடவையும் அவசரத்தில் உற்றுப் பார்க்காமலே ஒட்டிவிட்டுப் போனான். இன்றைக்குப் புழுக்கை இல்லை, பல் பட்ட தடமும் இல்லை. வயர் ஒரே வெட்டில் துண்டாகியிருந்தது. நுனியில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருக்க, பேட்டரி உப்புப் பூத்திருக்கும் என்று துணியால் துடைத்துவிட்டான். பேட்டரி முனையோ போன வாரம் அவன் தேய்த்து வைத்தபடி பளிச்சென்று இருந்தது.

நிமிர்ந்து பிச்சைமுத்துவைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். ஓட்டிக்கொண்டு போய், அரை நாள் அங்கே குந்திக் கிடந்து, திரும்ப ஓட்டிக்கொண்டு வந்து, சோறும் ஆக்கிப் போட வேண்டும். மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவார்? பக்கத்தில் திறந்து கிடந்த அவருடைய சாமான் பெட்டியில் ஒரு கட்டிங் பிளேயர் தெரிந்தது. யுகேந்திரன் அதையும் துண்டாகிக் கிடந்த வயரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அண்ணே, ஓட்ட முடியலன்னா வாடகைக் காடி பிடிச்சுக்கலாம். இல்லாட்டி நானே கொண்டு போயி விடுறேன்லா.”

“அவ ஏறமாட்டா தம்பி. வர்ற வழியில வாந்தி எடுக்குறா. அடுத்தவங்க காடி நாறிடும்னு வெக்கப்படுறா. இதுல போனாதான் போவேங்கிறா.”

யுகேந்திரன் குரலைத் தாழ்த்தினான். “எலி இப்படி வெட்டாது அண்ணே. இது ஆளு வெட்டுனது. உங்களுக்கு அலுத்துப் போச்சுன்னா அது தப்பில்ல. ஆனா இது அக்கா உசுரு.”

பிச்சைமுத்துவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கிய பிறகும் அவர் கோபப்படவில்லை. காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

“அலுப்பாத்தான் இருக்கு தம்பி. அதுக்காக அவள விட்டுட்டு நான் யாரோட இருக்கப் போறேன்?”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. யுகேந்திரனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வயரை ஒட்டி டேப் சுற்றினான். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது.

“அப்பாடா. நேரத்துக்குப் போயிரலாம். அவ போர்வைய எடுத்துட்டு வாரேன்,” என்று பிச்சைமுத்து உள்ளே போனார்.

யுகேந்திரன் புனிதவதியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து முன்சீட்டில் உட்கார வைத்தான். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இடது கையில் ஊசி குத்திய இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு அவர் மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, பாக்கு சீவப் பாக்குவெட்டியை எடுத்தார்.

அதன் வாய் முழுக்கச் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக இருந்தது. இரண்டு அலகும் சேரும் இடுக்கில் சிவப்பாக ஒரு துணுக்கு சிக்கியிருந்தது. பாக்கு அந்த நிறத்தில் இருக்காது. அது வயரின் தோல்.

யுகேந்திரன் கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். அவன் பார்த்ததை அவரும் பார்த்தார், மறைக்கவில்லை. வீட்டு வாசலில் பிச்சைமுத்து போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, படி இறங்க முடியாமல் கிரில் கதவைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கணவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே புனிதவதி மெதுவாகப் பேசினார்.

“அவருக்குத் தெரிய வேணாம். எனக்குப் போதும்.”

பிச்சைமுத்து நெருங்கி வந்துகொண்டிருந்தார். புனிதவதி பெட்டியை மூடினார்.

“அடுத்த தடவ கொஞ்சம் மெதுவா வாங்க தம்பி.”