இரண்டும் வெள்ளை

"காப்பி ஆறுது மாப்ள. அவளுக்கு வச்சிட்டியா?"

"வச்சாச்சும்மா."

எழுந்ததும் இவோ செய்வது எல்லா நாளும் ஒன்றுதான். வலது தோளில் பனிக்கட்டிப் பை. கூடத்தைத் துடைத்தல். இரண்டு காப்பி, ஒன்று அவனுக்கு, ஒன்று அலமாரி மேலிருக்கும் மியெனின் படத்துக்கு. ஊதுவத்தி எரிந்து முடிந்ததும் மனைவியுடையதையும் அவனே குடிப்பான். பிறகு கோல்கீப்பர் கையுறைகளை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்புவான்.

இன்று பயிற்சி இல்லை. மியென் இறந்து ஒரு வருடம். மாமியார் துயெத் விடிவதற்குள் வந்து கோழியை முழுதாக அவித்து, நண்டு அடைத்த நெம் சுருள்களைப் பொரித்து, படத்துக்கு முன் பரப்பியிருந்தார்.

"கிளப்புக்கு என்ன சொன்ன?"

"மதியம் சொல்றேன்னேன். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க."

"போட வேண்டியதுதானே?"

"முடியலம்மா. பல்கேரியாவுக்கே போயிடறேன். எங்கம்மாவோட இருக்கேன்."

"அங்க போய் என்ன பண்ணுவ?"

"தூங்குவேன்."

அப்பா இந்த ஹாய்ஃபோங் நகரத்துக்காரர், அம்மா பல்கேரியாக்காரி. அங்கே பள்ளிக்கூடத்தில் அவன் சீனன். இங்கே பந்து வலைக்குள் போனால் வெள்ளைக்காரன். பிடித்துவிட்டால் நம்ம பையன். அப்பாவின் நாட்டுக்கு ஆட வரலாமா என்பதையே தாத்தாவின் படத்துக்கு முன் காசு போட்டுக் கேட்ட பிறகுதான் முடிவு செய்தான். காசில் அவனுக்கு இருந்த நம்பிக்கை இங்கேயே பிறந்த மியெனுக்கு இருந்ததில்லை. "கிழவரே, நீங்க தப்பான நாட்டுல பொறந்துட்டீங்க" என்பாள்.

அவள் போன பிறகும் காசிடம்தான் கேட்டான்.

பழைய செப்புக்காசுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் சுண்ணாம்பு பூசியிருக்கும். தட்டில் போட்டால் ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு என்று விழ வேண்டும். அப்படி விழுந்தால் இறந்தவர் சரி என்கிறார். இரண்டும் கறுப்பு என்றால் கூடாது. இரண்டும் வெள்ளை என்றால் சிரிக்கிறார், அதுவும் கூடாதுதான்.

ஆட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போகட்டுமா என்று நூறாம் நாள் படையலில் கேட்டான். மியென் சிரித்தாள். புத்தாண்டில் கேட்டான். சிரித்தாள். போகாமல் நின்றான். பந்து வந்தது, பிடித்தான். மைதானம் அவன் பெயரைக் கத்தியது. வேறு யாரையோ கூப்பிடுவது போல இருந்தது.

"அம்மா, அவ கடைசியா என்ன சொன்னா?"

அன்றைக்கு அவன் வெளியூர் ஆட்டத்தில் இருந்தான். மருத்துவமனையில் துயெத் மட்டும்தான் கூட இருந்தார்.

"எத்தனை தடவை இதையே கேப்ப? ஒண்ணும் சொல்லல. தூங்கிட்டா. வா, வந்து கும்பிடு."

கும்பிட்டான். துயெத் சிவப்புத் துணி முடிச்சை அவிழ்த்துக் காசுகளை எடுத்தார். வீட்டுக்குப் பெரியவர்தான் போட வேண்டும் என்று இவோவை அவற்றைத் தொடவே விட்டதில்லை.

"உம் புருஷன் போறேங்கிறான். விடறியா?"

கணீரென்று விழுந்தன. இரண்டும் வெள்ளை.

"மூணு தடவை கேக்கலாம்ல?" என்றான்.

மறுபடியும் இரண்டும் வெள்ளை.

"இந்தக் கழுதைக்கு அப்படி என்னதான் சிரிப்போ!" என்றார் துயெத். மூன்றாவது முறை ஒரு காசு தட்டின் விளிம்பில் பட்டு எகிறியது.

இவோ யோசிக்கவில்லை. உடம்பு தானாகப் பாய்ந்தது. வலது தோள் தரையில் மோத, இடது கை காசை எட்டிப் பிடித்தது.

"கோல்கீப்பர் கோல்கீப்பர்தான்!" என்று சிரிக்க ஆரம்பித்த துயெத் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவன் கையை விரித்தான். வெள்ளை. திருப்பினான். அந்தப் பக்கமும் வெள்ளை. எழுந்துபோய்த் தட்டிலிருந்த இன்னொன்றைத் திருப்பினான். அதுவும் இரண்டு பக்கமும் வெள்ளை.

"என்னம்மா இது?"

துயெத் சிவப்புத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"ஒரு வருஷம். அவதான் போகாதேங்கிறான்னு நெனச்சு ஒரு வருஷமா நிக்கிறேன். இந்தத் தோளோட."

"பெனால்டி அடிக்க வர்றவன் எந்தப் பக்கம் அடிப்பான்னு அவன் காலைப் பாத்தே சொல்ற ஆளு நீ. இந்தக் காசு ஒரு தடவைகூட கறுப்பா விழலையேன்னு உனக்குத் தோணலையா?"

"நம்பினேன்."

ஊதுவத்திச் சாம்பல் வளைந்து விழுந்தது.

"தனியா இருக்க பயமா இருக்குன்னு வாய் விட்டுச் சொல்லியிருந்தா இருந்திருப்பேனேம்மா. எதுக்கு அவ பேரைச் சொல்லி ஏமாத்தணும்?"

"பயம்தான். இல்லேங்கல." துயெத் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஆனா இந்தப் புத்தி எனக்கு எங்கேருந்து வரும்? அவ ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னேன்ல, அதுதான் பொய். வருஷம் முடியறவரைக்கும் உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

"என்ன சொன்னா?"

துயெத் படத்தைப் பார்த்தபடியே மகள் சொன்னதைச் சொன்னார்.

"'அம்மா, நான் போனதும் அந்தக் கிழவரு கையுறையைக் கழட்டிட்டு, ஊருக்குப் போகட்டுமான்னு எங்கிட்டதான் வந்து கேட்டுட்டு நிப்பாரு. காசுல ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசிடு.'"