தங்கத் தகடு

"எம்புட்டுத் திமிரு இருந்தா, நாப்பது பிள்ளைக முன்னாடி உங்க மக என்னையத் திருத்துவா?"

அறிவியல் ஆசிரியர் தங்கப்பாண்டியன் மேஜையைத் தட்டினார். பக்கத்தில் நாற்காலி சும்மாதான் கிடந்தது. உட்காரச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

பாண்டீஸ்வரி நின்றாள். ராஜபாளையம் மில்லில் பாதி ஷிப்டைப் போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிடித்து ஓடி வந்தவள். தலையில் பஞ்சுத் தூசிகூடப் போகவில்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஆஷிகா தலை குனிந்திருந்தாள்.

"ஏட்டி, சாரை என்ன சொன்ன?"

"தங்கத் தகட்டுல விட்ட கதிர்ல முக்காவாசி திரும்பி வந்துருச்சுன்னு சார் சொன்னாக. இல்ல சார், முக்காவாசி நேரா போயிருச்சு, ஒண்ணு ரெண்டுதான் திரும்புச்சுன்னேன். அம்புட்டுத்தான்."

"இவ சொன்னது சரியா, தப்பா சார்?"

"அது வேற விஷயம்மா. வாத்தியாரையே திருத்துறதா? கிருஷ்ணன்கோவில்ல நடக்குற பேச்சுப் போட்டிக்கு இவளத்தான் அனுப்புறதா இருந்தேன். பேரை அடிச்சாச்சு."

பாண்டீஸ்வரிக்கு ஆத்திரமாக வந்தது. சோறு தண்ணி மறந்து, கண்ணாடி முன்னாடி நின்று பேசிப் பழகிய பிள்ளை. அந்த ஆத்திரத்தை மகள் மீதே காட்டினாள். முதுகில் ஒன்று வைத்தாள்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? மன்னிப்புக் கேளுட்டி."

ஆஷிகா அழுதுகொண்டே கேட்டாள்.

சார் இறங்கி வந்தார். "சரி, போனாப் போகுது. நான் சொல்லிக்குடுத்த பேச்சை அம்மா முன்னாடி பேசிக் காட்டு. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அவையோருக்கு வணக்கம். அணு என்பது தர்பூசணி மாதிரி, அதன் விதைகள்போல எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்றார் தாம்சன். இல்லை, நடுவே சின்னஞ்சிறு கரு, சுற்றிலும் பெரும்பாலும் வெற்றிடம் என்றார், தங்கத் தகட்டில் கதிரை விட்டுப் பார்த்த ரூதர்போர்டு. யார் இந்த ரூதர்போர்டு? தாம்சனிடமே படித்த மாணவர். தன் ஆசிரியர் சொன்னது தவறென்று காட்ட அவர் தயங்கவில்லை. அதனால்தான் அறிவியல் வளர்ந்தது. மாணவர்களே, கேள்வி கேளுங்கள்..."

"எப்படி இருக்கு?" சார் முகத்தில் பெருமை.

பாண்டீஸ்வரி, அடித்த முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நல்லாருக்கு சார். அந்த ரூதர்போர்டுப் பையனோட அம்மாவையும் வேலையை விட்டு வரச் சொன்னாகளா?"