கனமில்லாததா ஒண்ணு காட்டு

"இதென்னய்யா, கருங்கல்லு மாதிரி கனக்குது? வேற காட்டு!"

மாமியார் போட்ட சத்தத்தில் லேப்டாப் கடையே ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற மருமகளுக்கு மானம் போயிற்று.

"அத்தை, என் வேலைக்கு இதுதான் சரியா வரும்," என்றாள் மெதுவாக. "கட்டட வரைபடம் எல்லாம் பெரிய பெரிய ஃபைல். சாதா லேப்டாப்புல திறந்தாலே அது படுத்துடும். பழசு போனதிலேர்ந்து ஒரு வேலையும் ஓடல. இன்னும் இழுத்தடிச்சா ஆபீஸ்ல வேற ஆளைப் பார்த்துக்குவாங்க."

"பழசுக்கு என்ன ஆச்சு மேடம்? சரி பண்ண முடியாதா?" என்று விற்பனையாளர் கேட்டார்.

கேள்வி மருமகளுக்கு. பதிலை அவள் கணவன் முந்திக்கொண்டு சொன்னான். "கை தவறிக் கீழே போட்டுட்டா சார். ரெண்டு துண்டு."

மருமகள் வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். "எதைத்தான் உருப்படியா வச்சிருந்தா, இதை வச்சுக்க?" என்று மாமியார் அதற்கும் எரிந்து விழுந்தாள்.

விற்பனையாளர் பொறுமைசாலி. மூன்று லேப்டாப்புகளை வரிசையாக வைத்தார்.

"பாருங்கம்மா, விலை, எடை, வேகம் மூணும் ஒண்ணா அமையாது. இதுல வேகம் இருக்கு, விலையும் பரவாயில்ல. ஆனா கனம். அடுத்தது கனமில்ல, விலையும் கம்மி. ஆனா மேடம் வேலைக்குத் தாங்காது. மூணாவது நல்ல வேகம், தூக்கறதே தெரியாது. விலைதான் ரெண்டு மடங்கு."

"முதல்ல காட்டினதையே போடுங்க," என்றான் மகன். "இவ வீட்டைத் தாண்டி எங்க போகப் போறா? மேஜை மேல கிடக்கப் போற சாமானுக்கு எடை என்ன, கனம் என்ன?"

பேச்சு என்னவோ நியாயம்தான். மருமகள்கூட, வேலை தப்பித்தால் போதும் என்று தலையாட்டிவிட்டாள். மாமியார்தான் விடுவதாக இல்லை.

"மேஜை முன்னாடி இவ மகாராணி மாதிரி உட்கார்ந்துட்டா அடுப்பை யாருடா பார்ப்பா? புள்ளை அழுதா தூக்கறது யாரு, நானா? சமையல்கட்டுக்கும் தொட்டிலுக்கும் கையில எடுத்துட்டே நடக்கற மாதிரி வேணும். சம்பாதிக்கவும் செய்யட்டும், வீட்டையும் பார்க்கட்டும்!"

ஹெட்போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் மாமியாரை முறைத்தே விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தி வாய் கூசாமல் பேசுகிறாளே என்று கேட்பவர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகனுக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா சொல்றதும் சரிதான். ஆனா அந்த விலைக்கு யாரு அழறது?"

"நான் தர்றேன்."

"போன மாசம் நான் கேட்டப்போ மட்டும் இல்லன்னு கையை விரிச்சே?"

"உனக்கு எதுக்குடா தரணும்?" என்று அவள் சீறினாள்.

மாமியார் பேரனைப் பிடுங்காத குறையாக வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறு கையில் மூன்றாவது லேப்டாப்பை அள்ளிக்கொண்டு, விறுவிறுவென்று கடை வாசல் வரைக்கும் நடந்தாள்.

"அம்மா! வெளிய கொண்டு போகக் கூடாதும்மா!" என்று விற்பனையாளர் பின்னாலேயே ஓடினார்.

"உன் கடையை ஒண்ணும் தூக்கிட்டுப் போயிட மாட்டேன்." அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. "கரண்ட் இல்லாம எவ்வளவு நேரம் ஓடும்?"

"ஒரு பகல் முழுக்கத் தாங்கும்."

"இதையே போடு."

பணம் கட்டியாயிற்று. மகன் காரை எடுத்து வருவதாகச் சொல்லி, விசில் அடித்துக்கொண்டே வெளியே போனான். அத்தனை நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மருமகள், அப்போதுதான் வெடித்தாள்.

"போதும் அத்தை! நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரியா? எனக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த வேலை ஒண்ணுதான். அதையும் அடுப்படியில கொண்டுபோய்க் கட்டணுமா? உங்க புள்ளைகிட்ட நான் படறது பத்தாதா? பெத்தவங்க நீங்களும் சேர்ந்துக்கணுமா?"

மாமியாரின் முகத்தில் கடுகடுப்பு கொஞ்சமும் குறையவில்லை. மகனின் முதுகு தெருமுனையில் மறையும்வரை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு லேப்டாப் பையை மருமகள் தோளில் மாட்டி, குழந்தையையும் அவள் கையில் கொடுத்தாள்.

"கத்தாதேடி. அவன் முன்னாடி வேற என்ன சொல்லி இதை வாங்கறது? பழசை அவன் சுவத்துல அடிச்சப்போ நானும் அந்த வீட்டுலதான் இருந்தேன்."

மருமகள் திகைத்துப் போய் அவளைப் பார்த்தாள்.

"எனக்குச் சோறு போட்டது தையல் மெஷின். அத்தனையும் இரும்பு. இவனையும் தூக்கிட்டு அதையும் தூக்கிட்டு என்னால வாசலைத் தாண்ட முடியல. அதை விட்டுட்டுப் போனா புள்ளைக்கு என்னத்தைப் போடறதுன்னு, இவங்கப்பன்கிட்ட ஆயுசு பூரா அடி வாங்கிட்டுக் கிடந்தேன்."

வெளியே கார் ஹாரன் அடித்தது. மாமியார் மருமகளின் தோளைப் பிடித்து, கடையின் பின்பக்கக் கதவைப் பார்க்கத் திருப்பினாள்.

"நீ தாண்டிடு."