இன்னிக்கு மட்டும் வேணாம், சாமி

மழை வேண்டிக் கூத்தாட ஒப்புக்கொண்டவன், "சாமி, இன்னிக்கு மட்டும் மழை வேணாம்" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அவனை என்னவென்று சொல்வது?

வீரபத்திரனின் பெண்டாட்டி தில்லையம்மாள் வாய்விட்டே சொன்னாள்.

"நீ அங்க மழைக்கு ஆடு. நான் இங்க பாவு காய வெக்கிறேன். அந்த சாமி யாரு பேச்சத்தான் கேக்கும்? அதுக்கே பைத்தியம் புடிச்சிக்கும்."

வீரபத்திரன் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன். கூப்பிட்ட ஊருக்குப் போய்க் கூத்தும் ஆடுவான். அன்றைக்கு விடியற்காலையில்தான் புடவையின் நெடுக்கு இழையான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டிருந்தான். அது காய்கிற வரைக்கும் சுருட்ட முடியாது. நாலு தூறல் விழுந்தால் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு பாழ். பட்டு முதலாளியுடையது, பதில் சொல்ல வேண்டியவன் இவன்.

"ரேடியோலயே மழை இல்லன்னு சொல்லிட்டாம்மா. பயப்படாத."

பெண்டாட்டிக்குத் தைரியம் சொல்லிவிட்டு, அவளுடைய நல்ல சேலை ஒன்றையும் மூட்டையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். வேஷத்துக்குத்தான்.

ஏனாத்தூர் தாண்டி இருந்தது கூத்துக்குக் கூப்பிட்ட கிராமம். ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. விராட பர்வம் ஆடி, கௌரவர்கள் ஓட்டிப்போன மாடுகளை அர்ச்சுனன் திருப்பிக்கொண்டு வந்தால் மழை கொட்டும் என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. கூத்துக்கு ஏற்பாடு செய்தவர் ஊர்ப் பெரியவர் கோதண்டபாணி. ஏரிக்கரையில் பட்டப்பகலில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வீரபத்திரன்தான் அர்ச்சுனன். சேலைக்குள் ஒளிந்திருக்கிற அர்ச்சுனன். வருணனைக் கூப்பிட்டு விருத்தம் பாட வேண்டிய இடம் வந்தது. வருணன் காதில் விழுந்துவிடப் போகிறதே என்கிற பயத்தோடு பாடினான்.

கோதண்டபாணி எழுந்துவிட்டார்.

"இன்னா வாத்தியாரே, மழைய கூப்புடறியா, கொழந்தைய தூங்க வெக்கிறியா?"

மிருதங்கக்காரன் காசிநாதனுக்கு நாக்கில் எலும்பு கிடையாது.

"அவரு ஊட்டு பாவு தெருவுல காயுதுங்க. அதான் கொஞ்சம் அமுத்தி வாசிக்கிறாரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை.

"அட்றா சக்க! ஊரு சனம் தண்ணியில்லாம சாவுது, இவரு பாவு நனையக் கூடாதாம்! வாயி மழைய கூப்புடுது, மனசு பாவுக்கு கொட புடிக்குது. ஊருக்கு ஒண்ணுன்னா தன்னோடத மறக்கணும்பா. அவன்தான் மனுசன்!"

ஊர் கை தட்டியது. வீரபத்திரனுக்குப் பூசிய அரிதாரத்துக்குள்ளேயே முகம் செத்துவிட்டது. எதிரே கூத்துக்காகப் பிடித்து வந்திருந்த மாடுகள் நின்றன. ஓட்டிப்போக வந்த கௌரவர்களே பாவப்பட்டு விட்டுவிடுவார்கள், அப்படி எலும்பும் தோலுமாக இருந்தன. கூட்டத்துப் பெண்கள் காலிக் குடங்களை இடுப்பிலேயே வைத்திருந்தார்கள்.

பெரியவர் சொன்னது நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது.

"இன்னாண்ணே பண்லாம்?" காசிநாதன் குசுகுசுத்தான்.

"பாடலாம். பேயறதும் பேயாததும் நம்ம கையிலயா இருக்குது? பாட்டு ஒண்ணுதான் நம்ம கையில இருக்குது. அதுலயும் திருடுனா நல்லாவா இருக்கும்? நனைஞ்சா நனையட்டும், நீ தட்டு."

பிடித்தான் பாருங்கள், விருத்தம்! தொண்டை கிழிய, நரம்பு புடைக்க, முழு மனசோடு வருணனை வா வா என்று கூப்பிட்டான்.

மேற்கே கறுத்தது. காஞ்சிபுரம் அந்தப் பக்கம்தான். இந்நேரம் தெருவில் தில்லையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் சுதியைக் குறைக்கவில்லை.

கூத்தில் மாடுகள் திரும்பின. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

பெண்கள் குடங்களை வரிசையாக வைத்தார்கள். கிழவர்கள் சேற்றில் குதித்தார்கள். கூட்டத்தில் ரேடியோ வைத்திருந்த ஒருவன் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். அர்ச்சுனனின் சிவப்பு அரிதாரம் கன்னம் வழியாக ஓடித் தில்லையம்மாளின் சேலையை நாசமாக்கியது. அவன் பாடிக்கொண்டே இருந்தான்.

"வாத்தியாருக்கு மாலை போடணும்டா! பெரியவரு எங்க?"

நாற்காலி காலியாக இருந்தது. எல்லோரும் தேடினார்கள். ஏரிக்கு நடுவிலிருந்துதான் சத்தம் வந்தது. கோதண்டபாணி வேட்டியை அவிழ்த்து எதையோ மூடிக்கொண்டு, வெறும் கோவணத்தோடு இரண்டு கையையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்:

"யோவ் கூத்தாடி, போதும்யா! பாட்ட நிறுத்துய்யா! ஏரி மண்ண எடுத்து அறுத்து காய வெச்ச எஞ்செங்கல்லு அத்தினியும் கரையுதுய்யா!"