வெர்னன் வீட்டு நாலு மணிச் செய்தி

"முழுப் பொய். இர்மா, அந்தச் சனியனை அணை."

வானொலிச் செய்தி ஓடிக்கொண்டிருந்த உள்ளறையிலிருந்து ஓர் ஆண் குரல் உறுமியது. பின்னாலேயே வறட்டு இருமல். சமையலறை மேசையில் நேயர் கணக்கெடுப்புப் படிவத்தை விரித்து வைத்திருந்த டெனீஸுக்கு அந்தத் திட்டு தேனாக இனித்தது.

மூன்று நாளாக நெப்ராஸ்கா சோளக் காடுகளுக்கு நடுவே வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். பொது வானொலி கேட்பவர்கள் எல்லாரும் டெமாக்ரட்டுகள், அதற்கு எதற்கு அரசாங்கப் பணம் என்று மாநில சபையில் கேட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் ஓட்டெடுப்பு. தோற்றால் நிலையத்தை மூடிவிடுவார்கள். அவள் வேலையும் போய்விடும். இதுவரை ஒரு ரிபப்ளிகன் நேயர்கூட அகப்படவில்லை.

"உங்க வீட்டுக்காரர் எந்தக் கட்சி?"

"வெர்னனா? பரம்பரை ரிபப்ளிகன். நாப்பத்தாறு வருஷம் ஓட்டை மாத்திப் போட்டதில்ல" என்றாள் இர்மா, காபியை ஊற்றியபடி. எழுபதைத் தாண்டியவள்.

"நீங்க?"

"நான் எதிர்க்கட்சி. சாப்பாட்டு மேசையில தினம் சண்டைதான்."

"வானொலி எவ்வளவு நேரம் ஓடும்?"

"காலையில ரெண்டு மணி நேரம். சாயங்காலம் இந்த நாலு மணிச் செய்தி. ஒரு நாள்கூடத் தப்பாது."

"முழுப் பொய். இர்மா, அந்தச் சனியனை அணை." மறுபடி அதே இருமல்.

டெனீஸுக்குச் சிரிப்பு வந்தது. "இவ்வளவு திட்டறாரு, வேற ஸ்டேஷன் வைக்கலாமே?"

"வெச்சுப் பாத்தேம்மா. வேற எதுக்கும் வாயே திறக்கறதில்ல."

இர்மா அதைச் சிரிக்காமல் சொன்னாள். கண் அந்தக் கதவின் மேலேயே இருந்தது.

"அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கறேன். உங்க வீட்டுக்காரர் ஒருத்தர் போதும், எங்க ஸ்டேஷன் பிழைச்சுக்கும்."

இர்மா கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

மேசைமேல் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு சாய்வு நாற்காலி, கைப்பிடியில் மடித்துப் போட்ட போர்வையோடு காலியாக இருந்தது. அறையில் யாரும் இல்லை.

"இர்மா" என்றது அந்தக் குரல், ஜன்னல் பக்கமிருந்து.

டெனீஸின் பேனா கீழே விழுந்தது. இர்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் போய் மூணு வருஷமாச்சும்மா. உங்க செய்தியைக் கேட்டாத்தான் அந்த ஜன்னல் கூண்டுல இருக்கற அவர் கிளி அவர் குரல்ல பேசும்."