சிட்டுவுக்கு ஜுரம்

"நேத்து சாயந்திரம் நூத்தி மூணு. நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. அப்புறம் எப்படிண்ணா உள்ள வுடறது?"

பலமனேர் குதிரைக் கண்காட்சியின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கால்நடை உதவியாளர் ஷோபா, நோட்டை முனிசாமியின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

பத்து நாளைக்குக் காலையும் மாலையும் குதிரையின் உடல் சூட்டை அளந்து எழுதிக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஒன்றுக்குத் தொத்துநோய் இருந்தால் போதும், உள்ளே கட்டியிருக்கும் அறுபதும் படுத்துவிடும்.

குடிபாலாவிலிருந்து தன் குதிரை சிட்டுவை வேனில் ஏற்றி வந்த முனிசாமி, பிடித்த கயிற்றை விடாமல் நின்றான்.

"தயவு பண்ணுங்க மேடம். பெங்களூரு ரைடிங் ஸ்கூல்காரரு இன்னிக்கு மட்டும்தான் வர்றாரு. சிட்டுவப் புடிச்சிப்போச்சின்னா அதோட எனக்கும் அங்கியே வேலை. குவாரி மூடினதுலருந்து சும்மா குந்திக்கினு கீறேன்."

ஷோபாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. நோட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. நேற்றுக் காலை வரை அதேதான்.

"குதிரைக்கு நூறை ஒட்டி இருக்கணும்ணா. பாக்காமலே எழுதிட்டீங்களா?"

"எங்கம்மா மேல சத்தியமா பாத்துதான் எழுதினேன். பொய் எழுதினா ரத்துன்னு மொத பக்கத்துலயே தெலுங்குல போட்டு கீதே."

அவளுக்குக் குழம்பியது. பொய்க்கணக்கு எழுதுகிறவன் எவனாவது கடைசி நாளில் நூற்றுமூன்று என்று எழுதி, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வானா? கையுறையை மாட்டிக்கொண்டு தெர்மாமீட்டருடன் எழுந்தாள்.

"பின்னாடி போவாதீங்க மேடம், ஒதைக்கும்."

"யாரு பின்னாடி போறது? பக்கத்துல நிக்கணும்."

இடுப்பை ஒட்டி நின்று, முதுகைத் தடவிக் கொடுத்து, வாலை மெல்ல ஒதுக்கினாள். சிட்டு காதை மட்டும் ஆட்டியது. நூறு புள்ளி இரண்டு. மூக்கில் சளி இல்லை. நீட்டிய கொள்ளை ஒரே வாயில் காலி செய்தது.

"இது நல்லாத்தான் கீது. சாயந்திரம் இன்னொரு தபா பாக்கற வரைக்கும் தனியா கட்டி வெக்கிறேன், பெங்களூருக்காரரு அங்கியே வந்து பாக்கட்டும். ஆனா அந்த நூத்தி மூணு எங்கேருந்து வந்துச்சின்னு சொன்னாத்தான் கையெழுத்து போடுவேன்."

முனிசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"கிட்ட போனாலே ஒதைக்க வந்துச்சி மேடம். ரெண்டு பேரும் ஒரே கொட்டாயிலதான் படுக்கறோம். ஒருத்தருக்கு இருக்கற சூடுதானே இன்னொருத்தருக்கும்னு... என் கக்கத்துல வெச்சிப் பாத்து எழுதினேன்."

கையுறையைக் கழற்றிவிட்டு அவன் நெற்றியைத் தொட்டவள் சட்டென்று கையை எடுத்தாள். கையெழுத்துப் போட்டுக் குதிரையை உள்ளே தனியாகக் கட்ட அனுப்பிவிட்டு, முனிசாமியை வாசலுக்கு வெளியே நிழலில் உட்காரவைத்து, மனுசங்களுக்குப் பார்க்கிற டாக்டருக்குப் போன் போட்டாள்.