ராஜகுமாரி பேரில் ஒரு சாம்பிள்

“யாருங்க ராஜகுமாரி?” என்று லேப் கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா கேட்டதும், கோகிலவாணி எழுந்து நின்றாள்.

ராஜகுமாரி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். குன்னூருக்கு வரும்போதே பஸ்ஸில் இரண்டு பேரும் அப்படித்தான் பேசிவைத்திருந்தார்கள்.

எஸ்டேட்டில் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்றுதான் பேர். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். மழை பிடித்துக்கொண்டு பாதியில் இறங்கினால் அரைப்பேர். தேயிலை விலை குப்புற விழுந்த பிறகு அதற்கும் வந்தது கேடு. டெம்பரவரி ஆட்களை ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டார்கள். ராஜகுமாரி பெர்மனன்ட். அவள் தம்பி பொண்டாட்டி கோகிலவாணி டெம்பரவரி.

அந்த நேரம் பார்த்துத்தான் கருப்பைவாய்ப் புற்றுநோய் முகாம் வந்தது. சாம்பிள் கொடுக்கிற பெர்மனன்ட் பெண்களுக்கு அன்றைக்கு முழுப்பேர் என்று எஸ்டேட்டில் சொன்னார்கள்.

மூன்று பெற்றவளுக்கு அப்படி என்ன வெட்கமோ, ராஜகுமாரிக்கு உடம்பெல்லாம் கூசியது. “என் பேரச் சொல்லி நீ போயிட்டு வா புள்ள, ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்” என்று கோகிலவாணியை அனுப்பிவிட்டாள். படுத்து எழுந்திருக்கக்கூடக் கூலி தருகிறானே என்று அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிப்பாம் சிரிப்பு! ராஜகுமாரியைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்துவிட்டது.

டாக்டரம்மா தங்கமானவர். அவர் சிடுசிடுப்பவராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பைத் திருப்பி, கோகிலவாணியைப் பார்க்கச் சொன்னார்.

“ஊதாவாத் தெரியுதுங்களா? அதுதான் உங்க செல்லு.”

கோகிலவாணி குனிந்து பார்த்தாள். ராஜகுமாரியின் பார்வை அதன் அடியிலிருந்த கண்ணாடிச் சில்லின் ஓரத்துக்குப் போனது. பென்சிலில் அவள் பேர் எழுதியிருந்தது.

வைரஸ் ரொம்ப நாளாகவே உள்ளே தங்கியிருக்கிறது, செல்லெல்லாம் உருமாறத் தொடங்கிவிட்டது, இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, இப்படியே விட்டால் ஆகிவிடும் என்று டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். ராஜகுமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாரியாத்தா, என் தம்பி குடும்பத்தைக் காப்பாத்திட்டே என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

டாக்டரம்மா எஸ்டேட் கொடுத்தனுப்பிய காகிதத்தைப் புரட்டினார்.

“மூணு கொழந்தைங்க. அப்புறமென்னங்க, கர்ப்பப்பையவே எடுத்துரலாம். பெர்மனன்ட் ஆளுங்களுக்கு எஸ்டேட்டே செலவப் பாத்துக்குது. கொழந்தையில்லாத பொண்ணா இருந்தாத்தான் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்போம். கெட்ட எடத்த மட்டும் வெட்டி, பையைக் காப்பாத்தப் பாப்பாங்க. உங்களுக்கு எதுக்குங்க அந்த அலைச்சல்?”

கோகிலவாணி மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒன்றே ஒன்று பிறந்து, அழாமலே போனது. அதற்குப் பிறகு தங்கவில்லை. அவள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. திரும்பி ராஜகுமாரியைப் பார்த்தாள். பேர் மதினியுடையது, வாயைத் திறக்க வேண்டியதும் மதினிதான்.

சொல்லித் தொலையடி பாவி என்று ராஜகுமாரியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்தான் ராஜகுமாரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் எஸ்டேட்டுக்குத் தெரியாமல் போகுமா? ஆள்மாறாட்டம் என்று பேரையே வெட்டிவிடுவார்கள். ஃபேக்டரி மூடியதிலிருந்து புருஷன் செல்லையா வீட்டில் சுருண்டு கிடக்கிறான். மூன்று வயிறும் அந்த ஒற்றைப் பேரை நம்பித்தான் இருக்கின்றன.

ஆனால் கூடப்பிறந்த தம்பி. ஊர்க்குழந்தைகளையெல்லாம் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திரிகிற சசிதரன்.

“நீங்க யாருங்க, கூட வந்தவங்களா? பேரென்னங்க?” என்று டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார்.

கோகிலவாணி இன்னும் ராஜகுமாரியையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோகிலவாணிங்க” என்றாள் ராஜகுமாரி. “இவங்க தம்பி சம்சாரம்.”

“கொழந்தைங்க?”

“ஒண்ணு பொறந்து... தவறிருச்சுங்க.”

எப்படித்தான் அந்த வார்த்தை வாயில் வந்ததோ. சொன்ன பிறகு அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. டாக்டரம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். எட்டி அவள் கையைப் பிடித்தார்.

“வயசு ஒண்ணும் போயிரலைங்க. பொறக்கும், பாருங்க.”

அப்போதுதான் கோகிலவாணி வாயைத் திறந்தாள். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

“பொறக்கணுங்க டாக்டர். இவளுக்கு ஒண்ணு பொறக்கணும்னு நான் கும்பிடாத சாமியில்லைங்க.”

சொல்லிவிட்டு, மேஜை மேலிருந்த ஆபரேஷன் சம்மதக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

டாக்டரம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. பேனாவைக் கொடுத்துவிட்டு, தலை குனிந்திருந்த ராஜகுமாரியின் முதுகைத் தட்டினார்.

“இப்பிடியொரு நாத்தனார் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணுங்க.”